வளர இடம் விட்டுத் தைத்த சட்டை

தியானப் பகுதி: 1 சாமுவேல் 2:18-21



பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. கவுஞ்சியிலும், மன்னவனூர், பூண்டி, பூம்பாறை முதலிய அண்டை ஊர்களிலும் பல வீடுகளில் இப்போது பெட்டி அடுக்கும் வேலை நடக்கிறது. கொடைக்கானலுக்கோ, மலையிறங்கி வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ சென்று விடுதியில் தங்கிப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கக் கொடுத்திருக்கிறீர்கள். தையற்காரரிடம் தாய்மார் சொல்லும் சொல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “வளர்ற பிள்ளைங்க, உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்க.” இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் பாவாடையை நினைத்துப் பாருங்கள். கீழ்க்கரைக்குச் சற்று மேலே, துணியைச் சுற்றிலும் மடித்து இரண்டு மூன்று வரிசை ‘டக்’ பிடித்திருப்பார்கள். அது அழகுக்காகச் செய்தது போலத் தோன்றும். ஆனால் அதன் உண்மையான பயன் வேறு. ஓர் அங்குல ஆழமுள்ள ஒரு மடிப்பின் நூலைப் பிரித்துவிட்டால் பாவாடை இரண்டு அங்குலம் நீண்டுவிடும். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் ஒரு பட்டை தெரியும். வெயிலும் சலவையும் படாமல் மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி, மற்றப் பகுதி வெளுத்த பின்னும் பழைய நிறம் மாறாமல் இருக்கும். அந்தப் பட்டைகளை எண்ணினால் பிள்ளை எத்தனை முறை வளர்ந்தாள் என்று சொல்லிவிடலாம்.

பெரியவர்களின் ஆடை இருக்கும் உடலுக்குத் தைக்கப்படுகிறது. பிள்ளைகளின் ஆடையோ இனி வரப்போகும் உடலுக்கும் சேர்த்துத் தைக்கப்படுகிறது. நம்பிக்கை என்பது இன்னதென்று நூலாலும் ஊசியாலும் எழுதிக் காட்டினால் அது ஒரு குழந்தைச் சட்டையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேதத்தில் இத்தகைய ஒரு சட்டையைப் பற்றிய குறிப்பு உண்டு. அன்னாள் தன் மகனைச் சீலோவில் ஆசாரியனாகிய ஏலியின் பொறுப்பில் விட்டுவிட்டு ராமாவுக்குத் திரும்பினாள். ஆண்டுக்கு ஒருமுறை பலி செலுத்த வரும்போது மட்டுமே அவனைக் காண்பாள். அப்படி வரும் ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கு ஒரு சிறிய சட்டையைத் தைத்துக் கொண்டுவந்தாள் என்று வாசிக்கிறோம். பிரசங்கங்களில் நாம் அன்னாளின் ஜெபத்தைப் பேசுகிறோம்; பொருத்தனையைப் பேசுகிறோம். சட்டையைப் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறோம்.

அந்தத் தாய் எந்த அளவை வைத்துத் தைத்தாள்? பிள்ளை பக்கத்தில் இல்லை. முதுகோடு துணியை வைத்துப் பார்க்க முடியாது. கையை நீட்டச் சொல்லி அளக்க முடியாது. கடந்த ஆண்டு கண்ட தோளும் கையும் மட்டுமே அவள் நினைவில் இருந்தன. அதன்மேல் ஓர் ஆண்டின் வளர்ச்சியைத் தன் மனத்திலேயே கூட்டி அவள் துணியை வெட்டவேண்டியிருந்தது. காணாத பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த தாய் அவள். விடுதியில் பிள்ளைகளை விட்டிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எபிரெய மூலத்தில் அந்தச் சட்டைக்கு வழங்கும் சொல் ‘மெயீல்’ என்பது. அது மேலே அணியும் அங்கியைக் குறிக்கும். இதே சொல் சாமுவேலின் வாழ்க்கை நெடுகிலும் கூடவே வருகிறது. சவுல் பற்றிப் பிடிக்கையில் கிழிந்துபோன சால்வை, மூலத்தில் ஒரு மெயீல். எந்தோரில் அந்தப் பெண் கண்ட முதியவர் போர்த்தியிருந்த சால்வையும் ஒரு மெயீல். தமிழ் மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் சட்டை என்றும் மற்ற இடங்களில் சால்வை என்றும் வருவதால் இந்த இழை நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பாலகன் முதல் தீர்க்கதரிசி வரைக்கும் அவரை அடையாளம் காட்டியது அந்த அங்கி. முதன்முதல் அதைச் சிறிய அளவில் தைத்து அவர் தோளில் போட்டவள் ஒரு தாய்.

பழங்காலத்துக் குழந்தை ஆடைகள் எப்படி இருந்தன என்பதை அறிய நமக்குச் சான்றுகள் உண்டு. எகிப்தின் வறண்ட மணலில் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்திருந்த சிறுவர்களின் கம்பளி, சணல் அங்கிகள் கிடைத்து, இன்று பல அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் பல, துணியை வெட்டித் தைத்தவை அல்ல. கையும் உடலும் சேர்ந்த வடிவிலேயே தறியில் நெய்யப்பட்டவை. நெய்த துணியை மடித்து இரு பக்கமும் தைத்தால் அங்கி ஆயத்தமாகிவிடும். அவற்றிலும் இடுப்பைச் சுற்றி ஒரு மடிப்புத் தையல் காணப்படுகிறது. பிள்ளை வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம். நம் பாவாடை ‘டக்’ எவ்வளவு தொன்மையான அறிவு என்பது இதனால் விளங்கும்.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது அணிவித்த வெள்ளை அங்கிகளிலும் இதே அறிவைக் காண்கிறோம். மெல்லிய மஸ்லின் துணியில் தைக்கப்பட்ட அவை குழந்தையின் கால்களைத் தாண்டி நெடுந்தூரம் தொங்கும். கழுத்திலும் இடுப்பிலும் பொத்தானுக்குப் பதிலாக நாடா கோத்திருப்பார்கள். இழுத்தால் சுருங்கும், தளர்த்தினால் விரியும். ஆகையால் ஒரே அங்கி மெலிந்த குழந்தைக்கும் கொழுத்த குழந்தைக்கும் பொருந்தும். துணியின் வெட்டுவிளிம்பு பச்சிளம் தோலில் உரசாதபடி ஒவ்வொரு மூட்டையும் உட்புறமாகத் திருப்பி இரண்டாம் முறை தைத்திருப்பார்கள். அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வைத்திருப்பார்கள். குழந்தை கையைத் தூக்கும்போது தையல் விடாமல் காப்பது அதுதான். உள்ளே குளிருக்காக மெல்லிய கம்பளியாகிய ஃபிளானல் சட்டை இருக்கும். சிறுவர்களும் நான்கு முதல் ஏழு வயது வரை சிறுமிகளைப் போலவே கவுன் அணிந்தார்கள். கழற்றவும் மாற்றவும் எளிது, வளர்ச்சிக்கும் இடம் தரும் என்பவையும் அதற்குக் காரணங்கள்.

நம் மரபிலோ பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியை உடனே போடுவதில்லை. பாட்டியின் பழைய நூற்சேலையைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவார்கள். அதைச் சிக்கனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. புதிய பருத்தித் துணியில் கஞ்சி ஏறியிருக்கும். நூல் விறைப்பாக இருக்கும். பலநூறு முறை துவைத்த சேலையில் கஞ்சி போய், இழை தளர்ந்து, துணி பஞ்சுபோல் ஆகிவிடும். தூளி கட்டுவதும் அம்மாவின் சேலையில்தான். ஒரு தலைமுறையின் உடலில் தேய்ந்து மென்மையானது அடுத்த தலைமுறைக்கு முதல் ஆடையாகிறது. நம் முன்னோர் விசுவாசத்தையும் நமக்கு இப்படித்தான் கொடுத்தார்கள் அல்லவா? தங்கள் வாழ்நாளெல்லாம் உடுத்தி, துவைத்து, மென்மையாக்கிக் கொடுத்தார்கள்.

நம் மலையின் குளிருக்குப் பருத்தி மட்டும் போதாது. மன்னவனூரில் 1965 முதல் இயங்கிவரும் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையத்தின் புல்வெளியில் பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதை நீங்கள் அறிவீர்கள். அவற்றின் உரோமம் சுருள் சுருளாக இருப்பதால் இழைகளுக்கிடையே காற்று தங்குகிறது; அந்தக் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. மூடுபனியில் விளையாடும் பிள்ளைக்கு இதைவிட ஏற்ற ஆடை இல்லை. பின்னலாடைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சிறிதாகிவிட்டால் பிரித்து, நூலை அலசி, சுருக்கம் நீக்கி, பெரிதாக மறுபடியும் பின்னிக்கொள்ளலாம்.

கொடைக்கானலின் வரலாற்றிலும் பிள்ளைகளைப் பிரிந்த பெற்றோரின் கதை உண்டு. 1845-ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெப்பமும் நோயும் அவர்களுடைய குடும்பங்களை வாட்டியதே அதற்குக் காரணம். 1901-இல் அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. பெற்றோர் கீழே ஊழியத்தில் இருக்க, பிள்ளைகள் மேலே விடுதியில் இருந்தார்கள். கோடைக்காலத்தில் தாய்மார் மலையேறி வந்தபோதுதான் குடும்பம் ஒன்றுகூடியது. அன்னாளின் வருடாந்தரப் பயணம் இந்தக் கானகத்திலும் நடந்திருக்கிறது.

ஆனால் அழகிய பழைய ஆடையைப் பார்க்கும்போது, அதை அணிந்த பிள்ளையை மட்டுமல்ல, அதைச் செய்த கையையும் நாம் நினைக்கவேண்டும். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட் அவர்களின் மனைவி மார்த்தா மால்ட், தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை போன்ற திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுட்பமான வேலை அது. அவர்களுடைய மகள் எலிசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, அக்கலையை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த சில பெண்கள் லேஸ் பின்னிப் பெற்ற கூலியைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. சீமாட்டிகள் உடையின் ஓரத்துக்கும், பெரிய வீட்டுக் குழந்தையின் கழுத்துப்பட்டைக்கும் ஏற்ற அந்த வெள்ளைப் பின்னலுக்குள் ஒரு பெண்ணின் விடுதலை பின்னப்பட்டிருந்தது. விலையுயர்ந்த குழந்தை ஆடையைக் கடையில் கண்டு வியக்கும்போது, இதைத் தைத்தவளின் பிள்ளை என்ன உடுத்தியிருக்கிறது என்று கேட்பதும் கிறிஸ்தவக் கடமையே.

பழைய ஆடைகளைப் பற்றி இன்னோர் உண்மையும் உண்டு. காலத்தைக் கடந்து நிற்பவை பெரும்பாலும் செல்வர் வீட்டுச் சிறப்பு ஆடைகள். விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்காக 1841-இல் தைத்த பட்டு அங்கியை அறுபதுக்கும் மேற்பட்ட அரச குழந்தைகள் அணிந்தார்கள். அது நைந்துபோனதால் 2008-இல் அதேபோன்ற வேறொன்று செய்தார்கள். ஏழைப் பிள்ளையின் சட்டையோ தம்பிக்குப் போய், தங்கைக்குப் போய், கடைசியில் அடுப்பங்கரைக் கரித்துணியாகி மறைந்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இலண்டனில் இருக்கிறது. தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவரின் முயற்சியால் உருவான கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம், 1741-இல் முதல் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. வறுமையினால் வளர்க்க முடியாத தாய்மார் தங்கள் குழந்தையை அங்கே ஒப்படைத்தார்கள். குழந்தைக்கு அங்கே புதுப் பெயர் இடப்பட்டது. பின்னொரு நாள் தாய் திரும்பி வந்தால் அடையாளம் காண ஒரு துண்டுத் துணி வேண்டும். அதைப் பெரும்பாலும் குழந்தையின் சட்டையிலிருந்தே வெட்டிப் பதிவுத்தாளில் குத்தி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த ஏறக்குறைய 5,000 துண்டுகள் இன்றும் உள்ளன. பூப்போட்ட பருத்தி, கட்டம்போட்ட சணல், ஃபிளானல், நாடா, சட்டைக்கை என்று பலவகை. மூடிய ஏடுகளுக்குள் வெளிச்சம் படாமல் இருந்ததால் நிறமும் மங்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு ஏழைகள் என்ன உடுத்தினார்கள் என்று அறிய இதைவிடப் பெரிய தொகுப்பு வேறில்லை.

1767-ஆம் ஆண்டு சாரா பெண்டர் என்ற தாய் தன் ஆண்குழந்தையை அங்கே விட்டாள். பலவகைத் துணிகளை ஒட்டுப்போட்ட ஒரு துண்டில் சிவப்பு நூலால் இதயம் ஒன்றைத் தைத்து, அதைச் சரிபாதியாக வெட்டினாள். ஒரு பாதி குழந்தையோடு போயிற்று. மறுபாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1775-இல், திரும்பி வந்து தன் மகனைப் பெற்றுக்கொண்டாள். இதை வாசித்து நாம் மகிழ்வது இயல்பு. ஆனால் 1741 முதல் 1760 வரை அவ்வில்லத்தில் சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் பெற்றோரால் மீட்டுக்கொள்ளப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. மற்றத் துண்டுகள் எல்லாம் எவரும் வந்து கேட்காமல் அந்த ஏடுகளிலேயே இருக்கின்றன. துணி விட்டுத் தைத்த ஒவ்வொரு தாயும் மடிப்பைப் பிரிக்கும் நாளைக் காண்பதில்லை.

இதை நான் வெகுதூரத்துக் கதையாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வீடு சந்திப்புக்குச் சென்றபோது, முதிய தாயார் ஒருவர் தம் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு சிறு கவுனை எடுத்துக் காட்டினார். மஞ்சள் நிறப் பருத்தி; கையால் தைத்தது; கீழே நான்கு மடிப்புகள். மூன்று பிரிக்கப்பட்டிருந்தன. நான்காவது மடிப்பு தைத்தபடியே இருந்தது. அந்தப் பிள்ளை ஐந்து வயதைக் காணவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. “ஐயா, இதை யாருக்கும் குடுக்கவும் மனசு வரல, வச்சுக்கிட்டு என்ன செய்யன்னும் தெரியல” என்றார்.

அவருக்கு நான் ஒரு வேதவசனத்தை உடனே எடுத்துச் சொல்லவில்லை. துணியைக் கையில் வாங்கி, அந்தத் தையலைப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் அரிசியைவிடச் சிறியது. “கொடுக்க மனம் வரும்போது கொடுங்கள் அம்மா, வராவிட்டால் வைத்திருங்கள், இரண்டும் பாவமல்ல” என்று மட்டும் சொன்னேன். பின்பு சேர்ந்து ஜெபித்தோம். அந்த நான்காவது மடிப்புக்கு என்னிடம் விளக்கம் இல்லை. அதைத் தைத்த அன்பு வீண் என்று மட்டும் ஒருபோதும் சொல்லமாட்டேன். பிரிக்கப்படாத மடிப்பையும் தேவன் அறிந்திருக்கிறார் என்பதே உயிர்த்தெழுதலை நம்புகிற நம் நம்பிக்கை.

இப்படிப்பட்ட ஆடைகளைப் பெட்டியில் வைத்திருப்போருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாமல், முழுதும் உலர்ந்த பின்பே மடித்து வையுங்கள். கஞ்சியைத் தேடிப் பூச்சி வரும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். நம் மலையின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெளுத்த பழைய பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. ஊக்கு, குண்டூசி முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் துரு துணியைத் தின்றுவிடும். ஆண்டுக்கொருமுறை நிழலில் காற்றாட வைத்து, வேறு இடத்தில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் பல ஆண்டு இருந்தால் அவ்விடத்தில் இழை அறும். பூமியில் சேர்த்துவைக்கும் பொக்கிஷத்தைப் பூச்சியும் துருவும் கெடுக்கும் என்று நம் ஆண்டவர் எச்சரித்தபோது, துணிப்பெட்டியை அறிந்த ஒருவராகவே பேசினார். காக்கவேண்டியதைக் காப்போம்; ஆயினும் நம் பிள்ளைகளை நாம் வைத்திருக்கும் இடம் பெட்டி அல்ல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் சட்டைக்குத் துணி விட்டுத் தைக்கிற நாம், பிள்ளையின் வாழ்வுக்கு இடம் விட்டுத் தைக்கிறோமா? என்ன படிக்கவேண்டும், எந்த வேலைக்குப் போகவேண்டும், எப்படி ஜெபிக்கவேண்டும் என்று இன்றைய அளவுக்கே இறுக்கித் தைத்துவிட்டால் நாளை தையல் விடும். அல்லது பிள்ளை மூச்சுத் திணறும். அதற்காக அளவே இல்லாமல் விட்டுவிடுவதும் அன்பல்ல. தொளதொளத்த சட்டை பிள்ளையைத் தடுக்கி விழச் செய்யும். இன்றைக்குப் பொருந்தவும் வேண்டும், நாளைக்கு இடமும் வேண்டும். அந்த நடுநிலையைத்தான் ‘டக்’ நமக்குக் கற்பிக்கிறது.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளை சென்ற ஆண்டு போன பிள்ளை அல்ல. அவன் குரல் மாறியிருக்கும். அவள் கேள்விகள் மாறியிருக்கும். பழைய அளவுச் சட்டையை எடுத்து நீட்டாதீர்கள். அன்னாள் ஆண்டுதோறும் புதிய சட்டை கொண்டுபோனாள். ஏனெனில் தன் மகன் வளர்ந்திருப்பான் என்று எதிர்பார்த்துப் போனாள். நாமும் அந்த எதிர்பார்ப்போடு பிள்ளைகளை ஆலயத்தில் வரவேற்போம்.

ஜெபம்: தாயின் கருவில் எங்களை உருவாக்கின தேவனே, எங்கள் பிள்ளைகளின் நாளைய அளவை நீர் ஒருவரே அறிவீர். கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை உம் கண்முன் வைத்திரும். பிள்ளைகளை இழந்து, பிரிக்காத மடிப்போடு வாழும் பெற்றோரைத் தேற்றும். இடம் விட்டு அன்புகூர எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.